முதல் கடை

டிசம்பர் முழுக்க ஆலை மூடியிருந்தது.
போனஸ் வந்த வழியே போனது:
ஒழுகும் கூரை, கரண்டு,
நாத்தனார் மகள் கல்யாணம்.
ஜனவரி நான்காம் தேதி, சாட்ஸ்வர்த்தில்,
மின்விசிறிக்கே வியர்த்த ஒரு மதியம்
பள்ளிக்கூடத்துப் பட்டியலை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

இரண்டு பிள்ளைக்கு மூன்று தாள்.
பசைக்குச்சி ஆறு. ஆறு!
தின்பார்களா என்ன?
வெள்ளைத்தாள் ஒரு கட்டு,
கழிப்பறைக் காகிதம் நான்கு உருளை,
அதற்குக் கீழே தடித்த எழுத்தில்
இன்ன கம்பெனிப் பென்சில் மட்டும் என்று.
எழுதுவது கையா கம்பெனியா
என்று கேட்க ஆபீஸ் நம்பர் இருக்கிறது,
ஏர்டைம் இல்லை.

சப்பாத்துக் கவலை இல்லை.
செப்டம்பரிலேயே லேபையில் போட்டு
மாதம் எண்பது ரேண்டாகக் கட்டி
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மீட்டேன்.
இரண்டும் ஓர் அளவு பெரிசு.
முனையில் செய்தித்தாள் திணித்தால்
ஜூன் வரை
காலும் செய்தியும் சேர்ந்தே நடக்கும்.

தேஷனுக்கு ஜெர்சி, பக்கத்து வீட்டு நோமுசா தந்தது.
அவள் மகன் லுங்கேலோவுக்குத் தோள் அகன்றுவிட்டது.
கழுத்துக்குள் அவன் பெயர் இன்னும் இருக்கிறது,
நன்றாகத் தைத்த பெயர், பிரிக்க மனமில்லை.
பதிலுக்கு அவள் திரைச்சீலை நான்குக்கு
ஓரம் அடித்துக் கொடுத்தேன்.
காசு என்ற சொல்
எங்கள் வேலியைத் தாண்டவில்லை.

முதல் கடை வீடுதான்.
பழைய பைகளைக் கூடத்தில் கவிழ்த்தேன்.
கொட்டியது ஓர் ஆண்டு:
பென்சில் பதினேழு, பாதியில் பல்தடம்,
மூடியில்லாத பேனா, பேனா இல்லாத மூடி,
உடைந்த அடிக்கோல்
(பதினோரு சென்டிமீட்டர் மிச்சம், அது போதும்),
யாருடையதோ ஒற்றைக் காலுறை.
எழுதாத பக்கங்களை உருவி எடுத்து
மூன்று நோட்டாகத் தைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு ரேண்ட் மிச்சம் என்று
கரண்டு பில் உறையின் முதுகில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்,
வாத்தியார் மாதிரி.

அப்புறம்தான் நெரிஷாவின் பையில்
சிப் வைத்த உள்ளறையில்
எட்டாய் மடித்த கடிதம்.
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்
கடற்கரை மீன்காட்சிக்குப் போகிறார்கள்,
சுறாக்கள், ஆமைகள்,
தலைக்கு இருநூற்று முப்பது ரேண்ட்,
ஆகஸ்ட் பதினான்கு.
பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில்
புள்ளிகள் மட்டும்.

ஆகஸ்டில் ஆலை வாரம் மூன்று நாள்தான்.
அந்தப் பதினான்கு எனக்கு ஞாபகம் இருந்தது.
வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்தாள்.
நெற்றியில் கைவைத்தேன், சூடில்லை.
ஓமத் தண்ணி கொதிக்கவைத்துக் கொடுத்தேன்.
முகம் சுளிக்காமல் குடித்தாள்.
அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
எனக்கு முன்பே ஒருத்தி
இந்த வீட்டில் மிச்சம் பிடித்திருக்கிறாள்,
எந்த உறையிலும் எழுதாமல்.

மறுநாள் கடையில் கால்வைக்க இடமில்லை.
வண்ணப் பென்சில், இருபத்துநான்கு உள்ள பெட்டியை எடுத்தேன்.
என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தாள்.
"பன்னிரண்டு போதும்மா.
வெள்ளையை யாரும் தொடுறதே இல்ல."
எடுத்தேன்.
வைத்தாள்.
பின்னால் வண்டியோடு நின்றவர் தொண்டையைச் செருமினார்.
எனக்குப் பேரம் பேசத் தெரியும், குறைக்க.
கூட்டிப் பேச
வாய் பழகவில்லை.

"ஆமை வரைய எத்தனை பச்சை வேணும்?" என்றேன்.

கை நின்றது.
என்னைப் பார்க்கவில்லை.
பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்தாள்,
கொஞ்ச நேரம்.
"பார்த்தாத்தானே தெரியும்" என்றாள்.

அதற்குள் தேஷன்
பசைக்குச்சி எட்டு
கூடையில் போட்டிருந்தான்.
இரண்டை எடுத்து வெளியே வைத்தேன்.