ரெண்டு துவர்த்து

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எனக்க தையல்கடை.
பாறசாலையிலிருந்தும் படந்தாலுமூட்டிலிருந்தும்
அளவு கொடுக்க வருவார்கள்.
இருபத்திரண்டு வருஷத்தில்
இடத்தோளும் வலத்தோளும் ஒன்றுபோல் இருந்த
ஒருத்தியைக்கூட நான் கண்டதில்லை.
அதனாலோ என்னவோ
அந்தக் கடற்கரையைப் பற்றி வாசித்தபோது
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குரொவேஷியா.
பேரைச் சொல்லிப் பழக ரெண்டு நாள் ஆனது.
சின்னத் தீவு, பைன் மரம், கூழாங்கல் கரை.
உடுப்பில்லாமல் குளிக்கிற ஆட்கள்:
பென்ஷன்காரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள்,
வயிறு தொங்குகிறவர்கள்,
தொப்பி மட்டும் வைத்துக்கொண்டு சீட்டு விளையாடுகிறவர்கள்.

எட்வினிடம் சொன்னேன்.
"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?"
சாயாவைக் கீழே வைத்தார்.
வைத்த கையில்
மணிக்கட்டுவரை பொத்தானிட்ட முழுக்கைச் சட்டை.
சித்திரை வெயிலிலும் அதுதான்.
கோழிலாரிகளின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது
சோதனைச்சாவடியில் அவருக்கு வேலை.
தன் மூடலைத் தூக்க
ஒருவரையும் விட்டதில்லை.
முப்பத்தொன்றாம் வயதில் முழங்கையில் தொடங்கிய வெள்ளை,
மருந்து, பத்தியம், மார்த்தாண்டத்து டாக்டர், நேர்ச்சை
எதற்கும் நிற்காமல்
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் ராத்திரி விளக்கணைத்த பிறகு
"அங்க வெயில் எப்பிடி?" என்றார்.

அப்புறம் எல்லாம் கணக்குத்தான்.
வெள்ளைபட்ட தோல் சட்டென்று பொள்ளும்.
டாக்டர் எழுதித்தந்த கிரீம்
ஐம்பது மில்லி எழுநூறு ரூபாய்.
ஆள் முழுக்கப் பூச ஒருதடவைக்கு முப்பது.
உச்சியில் மூன்று மணிக்கூர் மரத்தடி என்று ஒத்துக்கொண்டதால்
ஒரு நாளைக்கு நாலு பூச்சு, ஏழு நாள்.
ஜாக்கெட்டுக்குத் துணி கணக்கிடுகிறவள்
பில்புத்தகத்தின் பின்பக்கத்தில்
புருஷனுக்குத் தோல் கணக்கிட்டேன்.
பதினேழு டியூப்.
பன்னிரண்டாயிரத்துக்கு நூறு குறைவு.
சிட்டி எடுத்த பணம் தாங்கும்.

மகளிடம் ஐரோப்பா டூர் என்று சொன்னோம்.
சபையில் போட்டோ கேட்பார்கள்,
அதற்கு முதல் நாளே
ஊருக்குள் உடுத்திக்கொண்டு நடந்து எடுத்துவிடுவது.
பெட்டியில் இடம் ஏராளம்.
அவர் மீன் ஊறுகாய் வைத்தார், புளி வைத்தார்,
கொசுவத்தியும் வைத்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

விசா ஏஜெண்டு திருவனந்தபுரத்தான்.
"சேச்சி, யாத்ரைக்குக் காரணம் எந்தா எழுதண்டே?"
கடல் காண, என்றேன்.
"அவிடெ கடல் இல்லே?"

இருக்கிறது. நீரோடியில்.
கல்யாணம் முடிந்த வருஷம் போனோம்.
அவர் சட்டையோடு மணலில் இருந்தார்.
நான் ரெண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டு
முட்டளவு வெள்ளத்தில் நின்றேன்.
அலையைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை,
கரைபோட்ட முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு தலைவலி என்று ஆராதனைக்குப் போகவில்லை.
ஜன்னலெல்லாம் அடைத்து,
அடுக்களை நாற்காலியில் துவர்த்து விரித்து
ஆளுக்கொன்றில் இருந்து பார்த்தோம்.
அவர் கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார்,
வைக்க இடமில்லாமல் மறுபடி கட்டிக்கொண்டார்.
காலிங் பெல்.
கேஸ்காரன்.
ரெண்டு பேரும் மூச்சுவிடவில்லை.
அவன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போன சத்தத்தில்
எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது,
அவருக்கும்.

பத்து நிமிஷம் கழிந்து
பேப்பரை விரித்து
"வாளைமீனுக்க வெலையப் பாத்தியா" என்றார்.
கை கட்டியிருக்கவில்லை.
அடுப்பைக் குறைக்க எழுந்து திரும்பியபோது
இடது தோள்பட்டைக்குக் கீழே
நான் அறியாத வெள்ளை ஒன்று.
இத்தனை வருஷத்தில்
அந்த முதுகை வெளிச்சத்தில் கண்டதில்லை.
டேப் இல்லாமலே கண் அளந்தது:
மூன்றேகால் அங்குலம்.
கேட்கவில்லை. பாலும் பொங்கிவிட்டது.

அந்தக் கரையில் ஒரே ஒரு கண்டிப்பு:
எங்கே உட்கார்ந்தாலும்
அவரவர் துவர்த்தில் உட்கார வேண்டும்.
புதிதாய் ரெண்டு வாங்கி ஓரம் மடித்து அடித்தேன்.
மாறிப்போகாமலிருக்க
அவருக்கு மூலையில் சிவப்பு நூல், எனக்குப் பச்சை.
இந்தப் பயணத்துக்கு நான் தைத்தது இவ்வளவுதான்.

கையில் வாங்கி
நாலு ஓரமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"பொத்தான் வைக்கலியா?"