சூட்டில் கிளம்பாது

லாக்லன் பெட்ரி எஞ்சினை அணைக்கவேயில்லை,
பெட்ரோல் பங்கில்கூட.
"ஓடட்டும், ஓடத்தான் அதுக்குப் பிடிக்கும்."
கண் மட்டும் சூட்டு முள்ளில்.

சிவப்பு மாஸ்டா. சுழல் எஞ்சின்.
விளம்பரத்திலேயே போட்டிருந்தான்:
சூட்டில் கிளம்பக் கொஞ்சம் அடம் பிடிக்கும்.
விற்பவன் வாயில்
கொஞ்சம் எவ்வளவு பெரியது?

மெக்கானிக் ஃபெட்டு அழுத்தம் அளந்து தந்த சீட்டு
என் பையில் இருந்தது.
முன் ரோட்டர் பரவாயில்லை.
பின்னதில் ஒரு முகம் ஐந்து புள்ளி எட்டு.

நான் டனீடின் ஆஸ்பத்திரியில் நுரையீரல் அளப்பவள்.
ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க என்று
நாளெல்லாம் ஆட்களை விரட்டுபவள்.
இந்த எண் எனக்குப் பழக்கம்.
மாடிப்படியின் பாதியில்
செருப்பைச் சரிசெய்வதுபோல் நிற்பவர்களின் எண்.

"அணைங்க" என்றேன்.
அணைத்தான். துறைமுகத்தில் ஒரு கடற்காகம் கேட்டது.
சாவியைத் திருப்பினான்.
சுற்றியது, சுற்றியது, செருமியது,
எழவில்லை.
அவன் காது சிவந்தது.
விலையில் ஆயிரத்து நானூறு டாலர்
யாரும் கேட்காமலே இறங்கியது.

வாங்காதே என்று அண்ணன் மூன்று முறை எழுதிவிட்டான்.
ஆனால் ஹைக்ளிஃப் வளைவில்
முள் ஒன்பதாயிரத்தைத் தொட்டபோது
என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.
நாற்பத்தொரு வயதில் முதல்முறை.
அதை எழுத ஃபெட்டுவின் சீட்டில் கட்டம் இல்லை.

என் வீடு செங்குத்துத் தெருவில்.
மூக்கு பள்ளம் பார்க்க நிறுத்திக்கொள்வேன்.
பிரேக்கை விட்டால் மலை தள்ளிவிடும்,
பாதியில் கிளட்சை விட்டால் விழித்துக்கொள்ளும்.

சமதளத்தில் வசிக்கும் நண்பர்களை
இனிப் பார்க்க முடியாது,
அவ்வளவுதான்.