கடைமடை

மூணாறு தலைப்பில்
வெண்ணாறு பிரிகிற சத்தம் கேட்கிற தூரத்தில்
என் வாடகை அறை. ராத்திரி வேலை.
கேலக்ஸிகளின் நிறமாலை ஒவ்வொன்றாகத் திரையில் வரும்.
செம்பெயர்ச்சி பார்த்து
தூரத்தைக் கட்டத்தில் நிரப்ப வேண்டும்.
ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி,
நாற்றுமுடி எண்ணுகிற கணக்குதான்.

மூன்று மாதம் எண்ணிய பிறகு
மொத்தத்தையும் ஒரே படமாக அனுப்பினார்கள்.
கைவிதைப்பு மாதிரி
எங்கும் தூவிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
ஆறும் வாய்க்காலும் கன்னிவாய்க்காலுமாய்
ஓடிக் கிடந்தது வெளிச்சம்.
நடுநடுவே
ஊர் ஊராக இருட்டு.

கரண்ட் போனது. செல்போனோடு பாலத்துக்கு வந்தேன்.
லஸ்கர் பக்கிரிசாமி
(என் வயதுதான், இன்னும் தற்காலிகம்)
ஷட்டர் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துவிட்டுப்
படத்தை வாங்கிப் பெரிதாக்கினான்.
"எந்த செக்‌ஷன் இது?"

சொன்னேன்.
ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் கோடி சூரியன் என்றும் சொன்னேன்.
அதை அவன் காதில் வாங்கவில்லை.
இருட்டின் மேல் விரலை வைத்து
"இங்க ஏன் ஏறல?" என்றான்.

ஆதியில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம்.
இம்மி கனத்த இடம் இழுத்தது,
இம்மி மெலிந்த இடம்
இருந்ததையும் கொடுத்துக்கொண்டே வந்தது.
சின்ன இழைகள் பெரியதில் சேர,
பெரியவை முடிச்சுகளில் போய்த் தேங்கின.

"அப்ப இது பாசனமே இல்ல" என்றான்.
"பாசனம்னா பிரியணும்.
இது சேருது.
இது வடிகால்."

மூன்று மாதம் நான் பார்த்த படத்தை
அவன் ஒரு நிமிஷத்தில் திருப்பிப் போட்டுவிட்டான்.

அவன் போன் அடித்தது. தலைஞாயிற்றிலிருந்து.
பேரில் தலை, இருப்பது கடைமடை.
தண்ணி வரலை, நாற்றங்கால் வெடிக்குது,
திறந்தீங்களா இல்லையா என்று
எனக்கே கேட்கிற குரல்.
"வந்துக்கிட்டிருக்குண்ணே" என்றான்.
எப்போது என்று சொல்லவில்லை.
வெளிச்சம்கூட அப்படித்தான்,
வந்துகொண்டிருக்கிறது.

கரண்ட் வந்து அறைக்குத் திரும்பினால்
அடுத்தது
ஒரு பெரிய இருட்டின் நட்டநடுவில்
தனியாக ஒன்று.
சுற்றிலும் பல கோடி ஒளியாண்டுக்கு
பேச்சுத் துணை இல்லை.
எண்ணை நிரப்பினேன்.
அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
இரண்டாம் தடவை பார்ப்பதற்குக் கூலி கிடையாது.

வெளியே திருகு
இன்னும் இரண்டு சுற்று முனகியது.