பாதிச் சுவர்

தடைக்காலம். மூக்கையூரில் படகுகள் கரையேறிக் கிடக்க
எங்கள் பள்ளியில் ஒரு சுவர் இறங்கிக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம் கணினி அறை, இந்தப் பக்கம் நூலகம்.
பதினோரு வருடமாய் இங்கே இருமினால் அங்கே கேட்கும்,
வாசல் மட்டும் வேறு வேறு வராந்தாவில்.

"பள்ளி திறக்குமுன் இது ஒரே அறை,
மூணு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும்"
என்றார் தலைமையாசிரியை.
சொல்லிவிட்டுச் சாயல்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மிஞ்சியவர்கள்:
சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு எடுக்காத செய்யதம்மாள்;
உப்பு தின்ற மதர்போர்டுகளைப்
பல் பிரஷால் துலக்கிக்கொண்டிருந்த ராயப்பன்;
நான், புவியியல், இரண்டு அறையிலும் விருந்தாளி.

முதல் நாள் சண்டை தூசிக்காக.
"என் மெஷினுக்கு ஆகாது."
"என் புத்தகத்துக்கு மட்டும் ஆகுமாக்கும்?"
நான் தும்மினேன்.
மறுநாள், இருந்த ஒரே பிளக் பாயிண்டுக்காக.
மூன்றாம் நாள் கொத்தனார் வரவில்லை,
சண்டைக்கும் ஆளில்லை.

ராயப்பன் திரையில் ஏற்றிய நூல்பட்டியலைச் சோதிக்க
சத்துணவுக்கூடத்தருகே பூனை துரத்திக்கொண்டிருந்த
ஏழாம் வகுப்பு மெர்சியாவைக் கூப்பிட்டோம்.
ஏதாவது தேடு என்றோம்.
கச்சான் என்று அடித்தாள்.
பூஜ்ஜியம் என்றது திரை.

"கச்சான்னா?" என்றான் ராயப்பன், திண்டுக்கல்காரன்.
அந்நேரம் அதுதான்
வாசல் வழியே மணலை வாரி
அவன் துலக்கிய பலகைகள்மேல் இறைத்துக்கொண்டிருந்தது.

செய்யதம்மாள் எழுந்தார். மூன்றாம் அலமாரி, கீழ்த்தட்டு.
கண்ணுக்கு வேலையில்லை, கை நேராகப் போனது.
"ஐநூத்தி ஐம்பத்தொண்ணு புள்ளி அஞ்சு. காத்து.
புத்தகம் இருக்கு.
புள்ளைக்கு நம்பரத் தெரியாது,
நம்பருக்குப் புள்ளையத் தெரியாது."

நான் தலை குனிந்தேன்.
தென்மேற்குப் பருவக்காற்று என்று
ஆண்டுதோறும் கரும்பலகையில் அம்பு போடுகிறவன்;
இவள் அப்பா வள்ளத்தை அலைக்கழிப்பது அந்த அம்புதான் என்று
ஒருநாளும் எழுதியதில்லை.

அன்று பஸ்ஸை விட்டோம்.
மெர்சியா சொல்லச் சொல்ல
சோழகம், வாடை, கொண்டல்,
காற்று தீர்ந்ததும் மீன்: ஓரா, ஊளி, நகரை.
நான் பாடத்தைச் சொல்ல, அவர் எண்ணைச் சொல்ல,
ராயப்பன் தட்டினான், நடுநடுவே
எழுத்துப்பிழையோடு.

ஒரு சொல்லுக்கு மட்டும் மூவரிடமும் ஒன்றுமில்லை.
காற்று மாறுமுன் கடல் ஒரு நொடி சும்மா கிடக்குமாம்,
அதற்கு அவள் வீட்டில் ஒரு பெயர்.
பாடத்தில் இல்லை, அலமாரியில் இல்லை, இணையத்திலும் இல்லை.
செய்யதம்மாள் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறார்,
எண் போடாமல்.

கொத்தனார் பிறகும் வரவில்லை. பணமும் பாதியில் நின்றது.
இடுப்புயரச் சுவர் அப்படியே இருக்கிறது,
அதன்மேல் மூன்று டீ டம்ளர்,
காயவைத்த மதர்போர்டு ஒன்று,
லேபிள் ஒட்டாத நாற்பது புத்தகம்,
சாவிக்கொத்து.
அதை யார் அங்கே வைத்தது என்று
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நாளை பள்ளி திறக்கிறது.
பிளக் பாயிண்ட் இன்னும் ஒன்றுதான்.