நாற்கடல் வேலி

பதினெட்டு ஊர். பத்தொன்பதாவதற்கு
வழக்கு நடக்கிறது, தாய்மாமனோடு.
வீஜடதேவனுக்கு மெய்க்கீர்த்தியில் மட்டும்
நாற்கடலும் வேலி.

செப்பேடு வெட்டுகிற தேஹுகன்
கேன் ஆற்றைத் தாண்டியதில்லை.
"கடல் எப்படி இருக்கும்?"
எழுதிக் கொடுத்த காயஸ்தர்
காது குடைந்தபடி சொன்னார்:
"ஏரிதான். அக்கரையில்
வரி தண்ட ஆளில்லை."

தானம் வாங்கிய உபாத்தியாயருக்குக்
கடல் வேண்டாம், நாலெல்லை வேண்டும்.
வெயிலில் நடந்து காட்டினார்:
கிழக்கே இலுப்பை. தெற்கே புற்று.
மேற்கே எருமை இறங்கும் ஓடை,
அதுவும் மழைக்கு மழை இடம் மாறும்.
வடக்கே?
செம்பில் இடமில்லை.
முதல் ஏழு வரியையும்
அலை அடைத்துக்கொண்டது.

குதிரைகள் மாசியில் வந்தன,
வடக்கிலிருந்து.
அப்போது தேஹுகன்
கடைசி வரியில் இருந்தான்:
சந்திராதித்தர் உள்ளவரை.
சந்திரனை முடித்துவிட்டான்.
ஆதித்தன் பாக்கி.