குமிழ்க் கணக்கு

ஜெலுத்தோங் சந்தை வாசலில்
ஆ செங்கின் கரும்பு இயந்திரம்
நான்காவது முறையும் கடித்துத் துப்பியதை
இரண்டு சாக்கில் கட்டி
கப்சாயின் பின்னால் ஏற்றினேன்.
"மாடு வளர்க்கிறாயா?"
"ஆமாம். ரொம்பச் சின்ன மாடு.
ஒரு சொட்டில் அரைக்கோடி நிற்கும்."

வாடகைக் கடையறை, ஒரு நீல டிரம்.
சக்கையை அரைத்து
அமிலத்தில் வேகவைத்து
சுண்ணாம்பால் அதன் கோபத்தைத் தணித்து
கை பொறுக்கும் சூட்டில் ஈஸ்டைத் தூவினேன்.
ரொட்டிக்கு வாங்கும் அதே பொட்டலம்,
இரண்டு வெள்ளி நாற்பது காசு.

முதல் இரவு ஒன்றுமில்லை.
ரோஜாக் கடை அன்னாசித் தோலையும் போட்டு
மூடியை இறுக்கினேன்.
மறுநாள் மூன்று மணிக்கு
குழாய் முனையில், தண்ணீர்ப் போத்தலுக்குள்
ப்ளக்.
நிமிடத்துக்கு ஏழு.
விடியும்போது நாற்பத்தொன்று.
சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தேன்.

வாசனைக்குப் படிக்கட்டு ஏறத் தெரியும்.

மேல்மாடி மரகதவல்லி
துடைப்பத்தைக் கீழே வைக்காமலே வந்து நின்றாள்.
"இங்கே சம்சு காய்ச்சுவது யார்?"

வண்டிக்கு என்றேன். நம்பவில்லை.
குடித்தால் குடல் வெளியே வரும்படி
கசப்பு மருந்து கலப்பேன் என்றேன்.
"கலக்கும்போது கூப்பிடு."
போகவில்லை. போத்தலையே பார்த்தாள்.

"உள்ளே என்ன செய்கிறது அது?"
"சர்க்கரையைத் தின்னும். இதைக் கழிக்கும்.
கழித்தது மிஞ்சினால்
அதிலேயே செத்துப்போகும்."
"எத்தனை நாளில்?"
"நாலு, ஐந்து."

ப்ளக்.

"அவருக்குப் பதினொரு வருஷம் ஆச்சு"
என்றாள்.

ஆறாம் நாள், எழுபத்தெட்டு டிகிரியில்
சொட்டத் தொடங்கியது.
கசப்பு மருந்தை அவளே ஊற்றினாள்,
அளவுக்கு மேல், என்னைக் கேட்காமல்.
தகர மூடியில் கொஞ்சம் விட்டுத்
தீக்குச்சி உரசினேன்.
"பற்றவில்லையே."
"கையைக் கிட்டே கொண்டுபோங்கள்."
சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
பிறகு அவளே எழுந்துபோய்
விளக்கை அணைத்தாள்.
நீலம்.
மூடியின் விளிம்பில் நடுங்கி நடுங்கி,
ஒரு பொட்டுப் புகையில்லாமல்.

"மொத்தம் எவ்வளவு?"
"முக்கால் லிட்டர்."
"எதுவரைக்கும் போகும்?"
"கொம்தார் போய்த் திரும்பலாம்,
காய்ச்ச எரித்த கேஸைக் கழிக்காமல் சொன்னால்."
"கழித்தால்?"

சுவரில் இருந்த எண்களைப் பார்த்தேன்.
"உங்கள் படிக்கட்டைக்கூடத் தாண்டாது."

இருட்டில் அவள் சிரித்த மாதிரி இருந்தது.
டிரம்மைக் கழுவத் தண்ணீர் பிடித்தேன்.