கூடும், கூடாது

செப்டம்பர். பாலரட் நகரசபைக்கு ஓர் அசையும் படம் வேண்டும்.
சைக்கிள்காரர் தலைமேல் மேக்பை பாய்கிறது,
கீழே ஒரு வரி எச்சரிக்கை. அவ்வளவுதான்.
ஸ்டர்ட் தெரு நிறுத்தத்துத் திரையில் நாளெல்லாம் ஓடும்.

மேலாளர் பெயர் காலம்.
அவர்கள் மொழியில் அதற்குப் புறா என்று பொருளாம்;
தமிழில் எழுதினால் நமக்குத் தெரிந்த காலம்தான்.
காலம் சொன்னார்: இருநூறு கிலோபைட், அதற்கு மேல் கூடாது.
காலம் சொன்னார்: வெள்ளிக்குள்.

கோப்பு எனக்கு முன்னால் இருந்த மெரிடித்துடையது.
டார்வினுக்குப் போய்விட்டாள்.
நாற்காலியின் உயரம் இன்னும் அவளுடையதுதான்.
திறந்தால்
லேயர் 4, லேயர் 4 நகல், லேயர் 4 நகல் 2,
'இதுதான் சரியானது',
அதற்கு மேலே 'இல்லை, இதுதான்'.
மொத்தம் எண்பத்தாறு அடுக்கு.
ஒரு சிறகைத் தேடி
ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்க்கிறேன்.
சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள்.
இங்கே வானத்துக்கு ஒரு கண், சாலைக்கு ஒரு கண்,
ஹெல்மெட்டில் முள்ளாய் நிற்கும் கேபிள் டை
பதினொன்றுக்கும் பதினொரு கண்.

புதன் முழுக்கப் பெயர் வைத்தேன்.
வலச்சிறகு மேல். வலச்சிறகு நடு. வலச்சிறகு கீழ்.
அலகு. அலகின் நிழல்.
வானம், யூகலிப்டஸ், சாலை, இவை அசையாதவை;
ஒரே கட்டாகக் கட்டிப் பூட்டினேன்.
ஃபிரேமுக்கு ஃபிரேம் அவற்றையும் எழுதினால்
கோப்பு ஊதிவிடும்.
அசைவதை மட்டும் எழுது,
மற்றது அடியில் கிடக்கட்டும்.

எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது
அழைக்காமல் வந்தது:
'பறவை பறவை' அடுக்குத்தொடர். பிரித்தாலும் பொருள் உண்டு.
'படபட' இரட்டைக்கிளவி. பிரித்தால் ஒன்றுமில்லை.
நடுச்சிறகைத் தனியே நிறுத்திப் பார்த்தேன்:
உடைந்த குடை.
மேல் நடு கீழ்
மூன்றையும் நூறில் எட்டுப் பங்கு நொடி இடைவெளியில் விட்டேன்.
படபட.

எண்பத்தாறாவது, எல்லாவற்றுக்கும் அடியில்.
பெயர் இல்லை. கண் மூடி, பூட்டும் போட்டு.
பூட்டைத் திறந்தேன். கண்ணைத் திறந்தேன்.
எதுவும் தெரியவில்லை,
மேலே வானம் மறைத்துக்கொண்டிருந்தது.
வானத்தின் கண்ணை மூடினேன்.

கிளைக்கவையில் ஒரு கூடு.
குச்சிகளுக்கு நடுவே நீல வயர்த் துண்டு ஒன்று.
மூன்று குஞ்சு, மூன்றும் வாய் திறந்து.

மெரிடித்தின் குறிப்பேட்டில் காலத்தின் கட்டளை இருந்தது,
என் தமிழில் சொல்கிறேன்:
கூடு வேண்டாம். எடை கூடும்.
ஜனங்கள் பறவைப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது.

வியாழன் இரவு.
கேபிள் டை பதினொன்றையும் ஒன்றாக இணைத்தேன்.
வண்ணம் அறுபத்துநான்கை முப்பத்திரண்டாக்கினேன்.
யாரும் கேட்காத மேகம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது,
அதைக் குப்பையில் போட்டேன்.
அலகின் நிழலுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.
நூற்றுத் தொண்ணூற்றொன்று.
ஒன்பது மிச்சம்.

கூட்டை மேலே இழுத்து வந்து
ஏழாவது ஃபிரேமில் மட்டும் கண் திறந்தேன்,
பறவை ஹெல்மெட்டைத் தொட்டுவிட்டு
மரத்துக்குத் திரும்பும் இடம்.
பத்தில் ஒரு நொடி.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

வெள்ளி. காலம் மூன்று சுற்றுப் பார்த்தார்.
"நடுவில் என்னமோ துடிக்குதே?"
"சிறகு" என்றேன்.

திங்கள், ஸ்டர்ட் தெரு, நல்ல தூறல்.
பள்ளிப் பையோடு ஒரு பையன் திரையையே பார்க்கிறான்.
சட்டென்று விரல் நீட்டுகிறான்,
அதற்குள் அங்கே வெறும் கிளை.
அம்மாவின் சட்டைக்கையை இழுக்கிறான்.
அவள் நிமிரும்போது பறவை பாய்கிறது.
அவன் விரலை மடக்கவில்லை,
அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறான்.
முடிவின்றிச் சுழலும்படிதான் வைத்திருக்கிறேன்,

ஆனால் பேருந்து வந்துவிட்டது,
எனக்கு.